அந்த மூன்று மணி ஐந்து நிமிடம்

"இந்த வரியில நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. கோ-பைலட்டுன்னே எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, பஞ்சாங்கம் தன் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்.

தொப்பி அவர் மடியிலேயே இருந்தது. அவள் சொல்லவில்லை. தேடட்டும் என்று விட்டுவிட்டாள்.

என்ஜின்களை அணைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணாடிக்கு வெளியே பிற்பகல் வெயிலில் காய்ந்து கிடந்தது ஒரு சின்ன விமான நிலையம். அவர்கள் வந்திருக்கவே வேண்டாத ஊர். காக்பிட் கதவுக்குப் பின்னால் நூற்று அறுபத்தெட்டு பயணிகள் ஒரே நேரத்தில் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பறந்த நேரத்தை எழுதிவைக்கும் அவளுடைய லாக்புக் திறந்தபடி கிடந்தது.

"காலைல நீங்கதானே சார் சொன்னீங்க, இன்னிக்கு நீயே நடத்துன்னு?"

"சொன்னேன். நடத்தின லட்சணத்தைத்தான் பாத்தேனே."

பஞ்சாங்கம் என்பது அந்தக் கேப்டனுக்கு ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் வைத்த பெயர். எதிரே ரேடார் இருக்கும், வானிலை அறிக்கை இருக்கும், அவர் எதையும் பார்க்க மாட்டார். கண்ணைச் சுருக்கி ஜன்னல் வழியாக மேகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்து நிமிஷத்துல விட்டுடும்" என்பார். விட்டுவிட்டால் மூன்று நாளைக்கு அதே பேச்சு. விடாவிட்டால் அன்றைக்கு மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. வீம்பு. பயிற்சிப் பள்ளியில் வந்த பெயர், கல்யாணத்தில் உறுதியானது. திருமணப் பதிவு அலுவலகத்தில், மணமகள் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுத்தர் தன்னிஷ்டத்துக்கு எழுதிவைத்துவிட்டார். அதை அடித்துப் புதுப் படிவத்தில் 'விமானி' என்று எழுதும்வரை அவள் கையெழுத்துப் போடவில்லை. மாலையோடு நாற்பது நிமிடம் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் போன போக்கை அவள் அக்கா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

இந்தக் கையெழுத்து விவகாரம் விமானிகளுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அதனால் சொல்லிவிட வேண்டும். இடது இருக்கை கேப்டனுடையது, வலது இருக்கை ஃபர்ஸ்ட் ஆபீசருடையது. வலது பக்கம் உட்கார்ந்து ஆறு வருஷம் பறந்தாலும் அந்த நேரமெல்லாம் கோ-பைலட் என்ற பத்தியில்தான் ஏறும். இடது பக்கம் போக வேண்டுமானால் கமாண்ட் என்ற பத்தியில் இருநூற்றைம்பது மணி நேரம் இருக்க வேண்டும் என்கிறது விதி. கேப்டன் ஆகாதவளுக்குக் கமாண்ட் நேரம் எந்த மரத்தில் காய்க்கும்? அதற்கும் விதியே ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. புறப்படும் முன்பே கேப்டன் "இன்றைக்கு நீ நடத்து" என்று சொல்ல வேண்டும். எரிபொருள் எவ்வளவு என்பதிலிருந்து கடைசியில் என்ஜினை அணைப்பது வரை எல்லா முடிவையும் ஃபர்ஸ்ட் ஆபீசரே எடுக்க வேண்டும். கேப்டன் பக்கத்தில் இருந்து கவனிப்பார். பிடிக்கவில்லையென்றால் "கன்ட்ரோல் என்கிட்ட" என்று சொல்லி எந்த நொடியும் விமானத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்காமலே பயணம் முடிந்தால், அந்த நேரம் அவளுடைய கமாண்ட் நேரம். ஆனால் அந்த வரியில் கேப்டன் கையெழுத்து இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு அவள் வெறுமனே கூடப் போன ஆள்.

அந்தக் கையெழுத்துக்காக ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் படுகிற பாடு இருக்கிறதே! பை தூக்குவார்கள். உப்புச்சப்பில்லாத ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கேப்டனின் மச்சானுக்கு டிக்கெட் விசாரித்துச் சொல்வார்கள். லாக்புக்கில் நேரத்தை முதலில் பென்சிலால் எழுதி வைத்து, கையெழுத்து விழுந்த பிறகுதான் பேனாவை எடுப்பார்கள். வீம்புக்குப் பை தூக்கத் தெரியாது, சிரிப்பும் வந்தால்தான் சிரிப்பாள். மற்றவர்கள் ஒரு வருஷத்தில் சேர்த்ததை அவள் இரண்டரை வருஷத்தில் சேர்த்தாள். அன்றைக்குக் காலை அவள் கமாண்ட் பத்தியின் அடியில் இருந்தது இருநூற்று நாற்பத்தேழு மணி இருபது நிமிடம். இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம்தான் பாக்கி. கேப்டன் தேர்வுக்குப் பெயர் கொடுக்க மாதக் கடைசி வரை நேரம் இருந்தது. அன்று தேதி இருபத்தொன்று.

காலையில் பஞ்சாங்கம் குஷியாகத்தான் இருந்தார். விமானப் பணிப்பெண்களின் தலைவியிடம், "இன்னிக்கு மேடம்தான் கேப்டன். எனக்கு டீ குடுக்கறதா இருந்தாக்கூட அவங்களைக் கேட்டுட்டுக் குடுங்க" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். வேலையை இன்னொருத்தர் தலையில் கட்டுவதென்றால் அவருக்கு எப்போதுமே சந்தோஷம்.

போய்ச் சேர வேண்டிய கடற்கரை ஊருக்கு மேலே இடிமழை. விமானக் கட்டுப்பாட்டு அறை அவர்களை வட்டமடிக்கச் சொன்னது. ஒரு வட்டம், இரண்டு வட்டம் என்று முக்கால் மணி நேரம் ஓடியது. ஓடுபாதை தெரியவில்லை. அவள் கண் எரிபொருள் எண்ணிலேயே இருந்தது. மாற்று விமான நிலையத்துக்குப் போய், அங்கேயும் இறங்க முடியாமல் போனால் அரை மணி நேரம் சமாளிக்க, மூவாயிரம் கிலோ வேண்டும். மூவாயிரத்துக்குக் கீழே போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும், பிறகு என்ன ஆனாலும் அந்த மழைக்குள்தான் இறங்கியாக வேண்டும்.

மூவாயிரத்து ஐம்பது.

"சார், நான் டைவர்ட் பண்றேன்."

"பத்து நிமிஷம் இரும்மா. விட்டுடும்."

"பத்து நிமிஷத்துல நானூறு கிலோ போயிடும் சார். அப்புறம் போக இடமில்ல."

"உன் இஷ்டம். நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவள் ஒரு வினாடி காத்திருந்தாள். கன்ட்ரோல் என்கிட்ட என்று அவர் சொல்வாரா என்று. அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் விமானம் அவருடையது, முடிவும் அவருடையது, பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். பஞ்சாங்கம் இரண்டு கையையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை விட்டால் 'நான் அப்பவே சொன்னேன்', விடாவிட்டால் வாயே திறக்கத் தேவையில்லை. மனுஷன் எத்தனை வருஷமாக இப்படி இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு பறக்கிறாரோ! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திசைக் குமிழைத் திருப்பினாள். விமானம் திரும்பியது.

அவர்கள் திரும்பிய பன்னிரண்டாவது நிமிடம் மழை விட்டது. பின்னால் வட்டமடித்துக்கொண்டிருந்த அவர்கள் கம்பெனியின் இன்னொரு விமானம் அழகாகப் போய் இறங்கியது. அதை ரேடியோவில் கேட்டபோது பஞ்சாங்கம் தலையை ஆட்டிக்கொண்டார். தொடையில் மெல்லத் தாளமும் போட்டார்.

மொத்தம் பறந்தது மூன்று மணி ஐந்து நிமிடம்.

"அட்வைஸ் பண்ணேன், நீ கேக்கல. நான் குறுக்கிட்ட மாதிரிதான் அது. அதனால இது கமாண்ட் ஆகாது" என்றார் இப்போது, ஒருவழியாகத் தொப்பியைக் கண்டுபிடித்து.

"நீங்க கன்ட்ரோல் வாங்கவே இல்லையே சார்."

"வாங்கியிருக்கணும். உன்மேல பாவம் பாத்து விட்டேன்."

அவர் இறங்கிப் போய்விட்டார். பயணிகளிடம் அவள்தான் போய் நின்று விளக்கம் சொன்னாள். நாளைக்கு எனக்கு இன்டர்வியூ, உனக்கு என்ன தெரியும் என்று ஓர் ஆள் விரலை நீட்டிக் கத்தினான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரும் இறங்கிய பிறகு திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். கமாண்ட் பத்தியில் 3:05 என்று அழுத்தி எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நின்றுகொண்டே சாப்பிடுவது தொழில் கொடுத்த பழக்கம். அவள் நடந்ததைச் சொன்னாள். குக்கர் மூடியை 'டங்' என்று வைத்தாள், தட்டை 'டங்' என்று வைத்தாள்.

"பாத்திரம் என்ன பண்ணுச்சு?" என்றான் அவன்.

"விளையாடாத."

"சரி, நிஜமாத்தான் கேக்கறேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கு. வேற நல்ல கேப்டனோட ஒரு ஃப்ளைட் போனா ரெண்டே முக்கால் மணி நேரம் வந்துடும். இந்த ஒரு வரியை அடிச்சுட்டு கோ-பைலட்டுன்னு எழுதிட்டா என்ன குறைஞ்சுடப் போகுது?"

அது நியாயமான கேள்விதான், அதனாலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. "இத்தனை வருஷத்துல எத்தனையோ நாள் கேப்டனுங்க 'நீ நடத்து'ன்னு சொல்லியிருக்காங்க. வெயில் அடிக்கும், காத்து இருக்காது, கண்ணை மூடிட்டு இறக்கலாம். அதுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க. நிஜமா ஒரு கேப்டன் செய்யற வேலையை நான் செஞ்சது இந்த ஒரு நாள்தான். இதை அடிக்கச் சொல்றியா?"

அவன் தட்டைக் கழுவி வைத்தான். "எங்க தியேட்டர்ல சின்ன டாக்டர் தைப்பாங்க, பெரிய டாக்டர் பேர்ல நோட்டு எழுதுவாங்க. யாரும் கேக்கறதில்ல" என்றான்.

"கேக்கணும்."

"கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சாச்சு. பயமாத்தான் இருக்கு. ஆனா அடிக்க மாட்டேன்."

அவன் அவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தான். பதிவு அலுவலகத்தில் நாற்பது நிமிடம் பக்கத்தில் நின்றவன் அவன்தான்.

திங்கட்கிழமை காலை தலைமை விமானியின் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேஜை மேல் இறக்கை உடைந்து ஒட்டிய ஒரு பொம்மை விமானம், மூடி இல்லாத தண்ணீர் பாட்டில், சுவரில் யாரும் திருப்பாத போன மாதக் காலண்டர். பஞ்சாங்கம் முன்னமே வந்து வசதியான நாற்காலியைப் பிடித்திருந்தார். அவள் லாக்புக்கை மடியில் வைத்துக்கொண்டு விளிம்பு கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலைமை விமானி ஒல்லியான மனிதர். எந்தக் கெட்ட செய்தியையும் இருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். இருமினார்.

"மேலிடத்துல ரொம்பக் கோவமா இருக்காங்கம்மா. பயணிகளுக்கெல்லாம் ரூம் போட்டிருக்கு, மறுநாள் ரெண்டு ஃப்ளைட் கேன்சல். பின்னாடி வந்தவங்க இறங்கிட்டாங்க, நீங்க ஏன் இறங்கலைன்னு கேக்கறாங்க."

"அவங்ககிட்ட என்னைவிட ஆயிரத்து இருநூறு கிலோ எரிபொருள் அதிகமா இருந்துச்சு சார். அவங்களால காத்திருக்க முடிஞ்சுது."

"தெரியும்." அவர் ஒரு தாளை எடுத்தார். "கேப்டன் குடுத்த ரிப்போர்ட் இது. படிக்கறேன். 'அன்றைய பயணத்தை முழுவதும் ஃபர்ஸ்ட் ஆபீசரே நடத்தினார். திரும்பிச் செல்லும் முடிவை அவரே தனியாக எடுத்தார். காத்திருக்கலாம் என்று நான் ஆலோசனை மட்டுமே கூறினேன். எந்தக் கட்டத்திலும் நான் விமானக் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை.' கீழ கேப்டன் கையெழுத்து."

அவள் பஞ்சாங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பொம்மை விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு விழாமல் தப்பிக்க வேண்டும் என்ற அவசரத்தில், லாக்புக்கில் எதை எழுத மாட்டேன் என்றாரோ அதையே முழுநீளத்துக்கு எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார் மனுஷன்! மூன்று நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவளுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டாள்.

தலைமை விமானி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா, நான் சுலபமா முடிச்சு விடறேன். ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுன்னு ஒரு வரி எழுதிக் குடு. லாக்புக்ல அந்த நேரத்தை கோ-பைலட்டுன்னு மாத்திக்கோ. ஃபைலை மூடிடறேன். வியாழக்கிழமை என்கூடவே ஒரு ஃப்ளைட் போடச் சொல்றேன், உனக்கு வேண்டிய நேரம் வந்துடும், முப்பதாம் தேதிக்குள்ள பேரும் குடுத்துடலாம். இல்ல, முடிவு என்னோடதுதான்னு நின்னா, மூத்தவர் ஆலோசனையை மதிக்கலைன்னு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தே ஆகணும். கடிதம் வந்தா ஆறு மாசத்துக்கு கேப்டன் தேர்வு லிஸ்ட்ல பேர் வராது."

ஆறு மாதம். அவள் வாய், சரி சார் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். வியாழக்கிழமை பறக்கலாம். அடுத்த வருஷம் இதே நேரம் இடது இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. பஞ்சாங்கமும் தப்பிப்பார், அவளும் தப்பிப்பாள். ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவாம்! மூவாயிரத்து ஐம்பது என்ற எண்ணை அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முடிவு என்னோடது சார்" என்றாள். "கடிதம் குடுங்க."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சாச்சு. அதுல ஃபர்ஸ்ட் ஆபீசர் தனியா எடுத்த முடிவுன்னு தெளிவா இருக்கட்டும். கேப்டன் சார் ரிப்போர்ட்ல இருக்கற மாதிரியே."

தலைமை விமானி இன்னொரு முறை இருமினார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி இரண்டு விரலால் தட்டினார். பிரின்டர் முனகிக்கொண்டே ஒரு தாளைத் துப்பியது. அதில் அவர் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் வாங்கி, நின்றபடியே படித்தாள். பிறகு லாக்புக்கைத் திறந்து, கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பஞ்சாங்கத்தின் முன்னால் தள்ளினாள்.

"சார், கையெழுத்து."

"என்னம்மா இது?"

"முடிவு என்னோடதுன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. கம்பெனியும் எழுதிக் குடுத்துடுச்சு. முடிவு என்னோடதுன்னா நேரமும் என்னோடது. இல்ல, நீங்கதான் நடத்தினீங்கன்னா சொல்லுங்க, இந்தக் கடிதத்துல பேரை மாத்தி உங்களுக்குக் குடுக்கச் சொல்லலாம். ரெண்டுல எது வேணும்?"

பஞ்சாங்கம் தலைமை விமானியைப் பார்த்தார். தலைமை விமானிக்கு அந்த நேரம் பார்த்து மேஜை டிராயரில் ஏதோ தேட வேண்டியிருந்தது.

"கடிதம் வந்தப்புறம் லிஸ்ட்லயே நீ இல்லியேம்மா. இனிமே இந்த மூணு மணி நேரத்தை வச்சு என்ன பண்ணப் போற?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க போடுங்க."

"என்ன வீம்பு இது..."

"ஆமா சார். போடுங்க."

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை என்றார். அவள் கொடுத்தாள். கட்டத்துக்குள் அடங்காமல் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. பேனாவை மேஜையில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் வெளியே போனார். அவள் மை காயும்வரை ஊதினாள். கூட்டிப் பார்த்தாள். இருநூற்றைம்பது மணி இருபத்தைந்து நிமிடம். சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. இந்த அறையில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு லாக்புக்கை மூடினாள்.

தலைமை விமானி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இந்த முறை இருமவில்லை.

"உள்ளுக்குள்ள வச்சுக்கோம்மா, வெளிய சொல்லாத. அந்த எண்ணைப் பாத்தேன். மூவாயிரத்து ஐம்பதுல நானா இருந்தாலும் திரும்பித்தான் இருப்பேன். நீ செஞ்சது சரி."

பெரிய வரம் கொடுத்துவிட்டதுபோல் அவர் நாற்காலியில் சாய்ந்தார். நன்றி சொல்லுவாள், போவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. கையில் இருந்த கடிதத்தைத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள்.

"இதையும் இதுலயே எழுதிடுங்க சார்."

"எதை?"

"இப்ப சொன்னதை. நீங்களா இருந்தாலும் திரும்பியிருப்பேன்னு."

"அதை எழுதினா இது எச்சரிக்கைக் கடிதமாவே இருக்காதேம்மா! படிக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும் சார். அவரும் வெளிய ஒண்ணு சொல்லி உள்ள ஒண்ணு எழுதினாரு. நீங்களுமா?"

சொல்லிவிட்டு அவள் கிளம்பவில்லை. விளிம்பு கிழிந்த நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு, லாக்புக்கை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தலைமை விமானி சாத்திய கதவைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

சிறிது நேரம் கழித்து அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.